மிசூலாவின் மிதிவண்டிப் படை

மிதிவண்டியில் நெடுந்தொலைவு செல்வதும் பலர் கூடிச் செல்வதும் இன்று ஒரே வழக்கத்தின் இரு கூறுகளாகத் தோன்றினாலும், வரலாற்றில் அவை பெரிதும் தனித்தனியே வளர்ந்தவை. நெடும்பயணம் தனியாளின் துணிச்சலாகத் தொடங்கியது. முன்சக்கரம் ஆளுயரத்துக்கு நின்ற பழைய வண்டியில் 1884 முதல் 1886 வரை உலகைச் சுற்றிவந்த தாமஸ் ஸ்டீவன்ஸ் அதற்கு முதற்சான்று. கூட்டுப் பயணமோ நகரத்துக் கழகங்களின் விடுமுறைநாள் ஓட்டமாகத் தொடங்கியது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தோன்றிய அக்கழகங்கள் குதிரைப்படையின் ஒழுங்கைக் கடன்வாங்கிக்கொண்டு, அணியின் தலையில் ஒரு தலைவரையும், அவர் ஆணையை ஊதுகொம்பால் அறிவிக்க ஒருவரையும், பின்தங்குவோரைக் கவனிக்கக் கடைசியில் ஒரு துணைத்தலைவரையும் நிறுத்தி, சீருடையணிந்து ஊர்வலம்போலச் சென்றன. பிற்காலத்தில் இராணுவம் மிதிவண்டியைத் தன்வசப்படுத்த முனைந்தபோது, தன் பழைய பழக்கங்கள் பலவற்றை அதில் முன்பே காண நேர்ந்ததற்கு இதுவே காரணம்.

பாசனக் கால்வாய்க்கு மதகு போலக் கூட்டுப் பயணத்துக்கு அமைப்பு இன்றியமையாதது என்பதை முதலில் உணர்ந்தவர்கள் ஆங்கிலேயர்கள். 1878இல் ஹாரோகேட்டில் ஸ்டான்லி காட்டரல் தொடங்கிய மிதிவண்டிப் பயணக் கழகம் ஊர்தோறும் தன் முகவர்களை அமர்த்தியது. விடுதிகளில் உறுப்பினர்களுக்குச் சலுகைக் கட்டணம் பெற்றுத் தந்தது. செங்குத்தான இறக்கங்களின் தலைப்பில் எச்சரிக்கைப் பலகைகளை நட்டது. சரியான பிரேக் இல்லாத உயரச் சக்கர வண்டிக்கு ஏற்றத்தைவிட இறக்கமே எமனாக இருந்த காலம் அது. அமெரிக்காவில் 1880இல் நியூபோர்ட் நகரில் உருவான அமெரிக்க மிதிவண்டியர் சங்கம் நல்ல சாலைகள் வேண்டும் என்ற இயக்கத்தை முன்னின்று நடத்தியது. 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ‘ரோவர்’ வண்டி, ஏறத்தாழச் சம அளவான இரு சக்கரங்களும் பின்சக்கரத்தை இழுக்கும் செயினும் கொண்ட இன்றைய வடிவத்தை நிலைப்படுத்தியது. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அதன்பின் மிதிவண்டி வித்தைக்காரர்களின் கருவி என்ற நிலை மாறி, சாதாரண மனிதரும் நாள்முழுவதும் ஓட்டக்கூடிய ஊர்தியாயிற்று. எனினும் அமெரிக்க மிதிவண்டியர் சங்கம் 1894இல் லூயிவில் மாநாட்டில் தன் விதியைத் திருத்தி, வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று வரையறுத்துக்கொண்டது. அடுத்த மூன்றே ஆண்டுகளில் அந்நாட்டின் மிக நீண்ட குழுப் பயணங்களுள் ஒன்றை நடத்திக்காட்டிய இருபது பேரும் அச்சங்கத்தில் சேரத் தகுதியற்றவர்களாகக் கருதப்பட்ட கறுப்பினத்தவர் என்பது அக்கால அமெரிக்காவைப் புரிந்துகொள்ளப் போதுமான செய்தி.

உள்நாட்டுப் போருக்குப் பின்னர் அமெரிக்க இராணுவம் கறுப்பினத்தவருக்கெனத் தனிப் படையணிகளை அமைத்தது. 9, 10ஆம் குதிரைப்படைகளும் 24, 25ஆம் காலாட்படைகளும் அவை. வீரர்கள் கறுப்பர்கள், அதிகாரிகள் ஏறத்தாழ அனைவரும் வெள்ளையர்கள். 25ஆம் காலாட்படை 1888 முதல் மான்டானா மாநிலத்தின் மிசூலா கோட்டையில் நிலைகொண்டிருந்தது. அங்கு வந்து சேர்ந்தவர் லூயிசியானாவைச் சேர்ந்த ஜேம்ஸ் மாஸ் என்ற இளம் துணைநிலை அதிகாரி. வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில் 1894ஆம் ஆண்டு தேறிய வகுப்பில் கடைசி இடம் அவருடையது. பணியிடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மதிப்பெண் வரிசையில் வழங்கப்பட்டதால், மற்றவர்கள் வேண்டாமென்று விட்ட இடமே கடைசியானவருக்குக் கிட்டியது. கறுப்பினப் படையணியில் தொலைதூரக் கோட்டை ஒன்று என்பது அன்றைய வெள்ளை அதிகாரிகளின் கண்ணில் அத்தகைய இடந்தான். ஆயினும் மாஸ் ஓய்ந்திருக்கவில்லை. மிதிவண்டி படைக்குப் பயன்படும் என்று நம்பிய தலைமைத் தளபதி நெல்சன் மைல்ஸின் ஆதரவை அறிந்து, 1896இல் எட்டு வீரர்களைக் கொண்டு ஒரு மிதிவண்டிப் பிரிவைத் தொடங்க இசைவு பெற்றார். குதிரைக்குத் தீனி வேண்டும், அது கனைக்கும், புழுதி கிளப்பும். மிதிவண்டிக்கோ தீனி வேண்டாம், அது ஓசையின்றிச் செல்லும் என்பன அவர் முன்வைத்த வாதங்கள். குதிரைக்குச் சாலை வேண்டாம் என்பதை அவ்வாதம் கணக்கில் கொள்ளவில்லை.

அவ்வாண்டு அப்பிரிவு கடுமையான பயிற்சி பெற்றது. ஒன்பதடி உயர வேலியை வண்டியோடு இருபது நொடிகளில் தாண்டவும், ஆழமான ஓடையைக் கடக்கையில் வண்டியை ஒரு கழியில் கோத்து இருவர் தோளில் சுமந்து செல்லவும் வீரர்கள் பழகினர். ஆகஸ்டில் மெக்டொனால்ட் ஏரிக்குச் சென்று திரும்பிய 126 மைல் பயணம் முதற்சோதனை. அம்மாதமே யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குச் சென்று திரும்பிய ஏறத்தாழ 800 மைல் பயணம் இரண்டாவது. பஞ்சரும் தளர்ந்த பெடலும் ஈரத்தில் ரிம்மைவிட்டு நழுவிய டயரும் பயணத்தை அடிக்கடி நிறுத்தின. மிதிவண்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த அனுபவமுள்ள ஜான் ஃபின்ட்லி என்ற வீரர் பழுதுபார்ப்பவராக உடன் சென்றதால் அவை சமாளிக்கப்பட்டன. கூட்டுப் பயணத்தில் வலிமையான கால்களைவிட இத்தகைய ஒரு கைவினைஞனே மதிப்புமிக்கவன் என்பதை அடுத்து வந்த பயணங்கள் யாவும் உறுதிப்படுத்தின.

1897ஆம் ஆண்டுத் திட்டம் அளவில் வேறானது. மிசூலாவிலிருந்து மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரம்வரை 1,900 மைல், அதாவது ஏறத்தாழ 3,060 கிலோமீட்டர். அவ்வழியை மாஸ் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் எளிமையன்று. மலை, சமவெளி, மணற்காடு, ஈரநிலம் என எல்லா வகை நிலங்களும் தட்பவெப்பங்களும் ஒரே பயணத்தில் எதிர்ப்படும் என்பதே. நாற்பது பேர் முன்வந்தனர். 24 முதல் 39 வயதுவரையுள்ள இருபது பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் மூத்தவரான சார்ஜென்ட் மிங்கோ சாண்டர்ஸ், பதினாறு ஆண்டுகள் படையில் பணியாற்றியவர், வீரர்களை நேரடியாக நடத்தும் பொறுப்பை ஏற்றார். இராணுவ மருத்துவர் ஜேம்ஸ் கென்னடியும், மிசூலா நாளிதழுக்குச் செய்தி அனுப்பிய 19 வயது எட்வர்ட் பூஸும் சேர, மாஸையும் கூட்டி மொத்தம் 23 பேர்.

ஸ்பால்டிங் நிறுவனம் வழங்கிய வண்டி வெறுமனே 32 பவுண்டு எடையுள்ளது. மூட்டை கட்டியபின் சராசரி எடை 59 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 27 கிலோ ஆயிற்று. ஹேண்டில்பாரின் முன்னே கம்பளியும் உள்ளாடையும் பாதிக் கூடாரத்துணியும் சுருட்டிக் கட்டப்பட்டன. பாதிக் கூடாரம் என்பது இருவர் தத்தம் துணியை இணைத்தால் ஒரு சிறு கூடாரம் ஆகும் ஏற்பாடு. ஆக, தனியே உறங்க வேண்டுமென்று விரும்பினாலும் வழியில்லை. சட்டக் குழாய்களுக்கு நடுவிலிருந்த வெற்றிடத்தில், அதன் வடிவத்துக்கே வெட்டித் தைத்த தோல்பெட்டி பொருத்தப்பட்டு, அதில் பன்றி உப்புக்கண்டமும் அவரையும் காப்பித்தூளும் ரொட்டியும் வைக்கப்பட்டன. முந்தைய ஆண்டு வண்டியில் கட்டப்பட்ட துப்பாக்கி இம்முறை முதுகுக்கு மாறியது. பத்துப் பவுண்டுத் துப்பாக்கியும் ஐம்பது தோட்டாக்கள் செருகிய வாரும் வீரனின் உடலோடு சென்றன. ஒவ்வொருவரும் இரண்டு நாள் உணவை மட்டுமே சுமந்தனர்; ஏறத்தாழ நூறு மைலுக்கு ஒன்றாக இரயில் நிலையங்களில் முன்கூட்டியே இறக்கி வைக்கப்பட்ட உணவுப்பொருள்களை அங்கங்கே பெற்றுக்கொள்வது திட்டம். குதிரைக்கும் இரயிலுக்கும் மாற்றாக மிதிவண்டியை நிறுவப் புறப்பட்ட பயணம் தன் சோற்றுக்கு இரயிலையே நம்பியிருந்தது என்பதைப் பின்னாளில் பாராட்டியோர் பலர் கவனிப்பதில்லை.

ஜூன் 14ஆம் நாள் காலை ஐந்தரை மணிக்குப் படை புறப்பட்டது. முதல் நாளே மழை பிடித்துக்கொண்டது. மான்டானாவின் களிமண் நனைந்தால் பசைபோலாகும். சுழலும் டயர் அதை அள்ளி எடுத்து, சக்கரத்துக்கும் போர்க்குக்கும் இடையிலுள்ள விரலளவு இடுக்கில் திணிக்கும். சில கஜ தூரத்துக்குள் சக்கரம் சுழலாமல் நின்றுவிடும். வீரர்கள் இறங்கிக் கத்தியாலும் குச்சியாலும் மண்ணைச் சுரண்டி எறிந்து, மறுபடி ஏறி, சிறிது தூரத்தில் மறுபடி இறங்கினர். அதுவும் பயனற்றபோது வண்டியைத் தள்ளினர், தள்ளவும் முடியாதபோது தூக்கினர். இந்நிலையில் குழுவின் இயல்பு ஒன்று வெளிப்படுகிறது. தனியாளுக்கு ஒரு பஞ்சர் என்பது கால்மணி நேரத் தாமதம். அணிவகுத்துச் செல்லும் 23 பேரில் ஒவ்வொருவருக்கும் நாளில் ஒரு பழுது நேர்ந்தாலும், ஒருவருக்காக மற்றவர் நிற்க வேண்டிய அணியில் அத்தாமதங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு நாளையே விழுங்கிவிடும். நிற்காமல் விட்டுச்சென்றாலோ, ஆளரவமற்ற நாட்டில் பழுதான வண்டியோடு ஒருவர் தனித்துவிடுவார். கூட்டுப் பயணத்தை நடத்துவோர் இன்றளவும் விடை தேடும் சிக்கல் இதுவே. மாஸின் படை அதை ஆணையால் சமாளித்தது, விருப்பத்தால் கூடும் குழுக்களுக்கு அவ்வழி இல்லை.

மூன்றாம் நாளில் படை கண்டத்தின் நீர்ப்பிரிமேட்டைக் கடக்க ஏறியது. ஒருபுறம் விழும் மழைநீர் பசிபிக் பெருங்கடலையும் மறுபுறம் விழுவது மிசூரி, மிசிசிப்பி ஆறுகள் வழியாக மெக்சிகோ வளைகுடாவையும் அடையச் செய்யும் மலைத்தொடர் முகடு அது. ஜூன் மாதமாயினும் மழை அங்கே ஆலங்கட்டியும் பனியுமாக மாறியது. ஏற்றத்தில் தள்ளிச் சென்றவர்கள் இறக்கத்தில் இளைப்பாறலாம் என்பது மிதிவண்டியின் பொதுவிதி. சேறும் பாறையும் நிறைந்த அம்மலைப்பாதையில் இறக்கத்திலும் நடக்க நேர்ந்தது. வேகம் குறைந்ததால் உணவுக் கணக்கும் தவறியது: இரண்டு நாளுக்கென்று கொண்டுசென்றது மூன்றாம் நாளுக்கு இழுக்கப்பட்டு, வெறும் வயிற்றோடு மிதிக்க வேண்டிய வேளைகளும் வந்தன. மலையைத் தாண்டி ஹெலினா, போஸ்மன் நகரங்களைக் கடந்தபின் யெல்லோஸ்டோன் ஆற்றுச் சமவெளியில் பயணம் சற்றே எளிதானது. 1876 ஜூன் 25இல் லகோட்டா, செயென் மக்களிடம் கஸ்டரின் குதிரைப்படை அழிந்த லிட்டில் பிக்ஹார்ன் களத்தை, அப்போரின் ஆண்டு நாளையொட்டியே மிதிவண்டிப் படை அடைந்தது. அங்கிருந்து வயோமிங்கின் ஷெரிடன், ஜில்லெட், நியூகாசில் வழியாகச் சென்ற பாதையில் மழையின் இடத்தை வெயிலும், சேற்றின் இடத்தைச் சப்பாத்திக்கள்ளி முள்ளும் பிடித்துக்கொண்டன. சாலையோரம் படர்ந்த அம்முள் டயரைத் துளைப்பதில் ஆணிக்குக் குறைந்ததன்று.

இவையெல்லாவற்றையும்விடக் கொடியது நெப்ராஸ்காவின் மணற்குன்றுப் பகுதி. காற்று குவித்த மணல்மேடுகளின்மேல் புல் மெல்லியதாகப் போர்த்தியிருக்கும் அந்நிலத்தில், சாலை என்று சொல்லப்பட்ட வண்டித்தடம் புல்லைக் கிழித்து மணலை வெளிப்படுத்திய ஒரு கோடுதான். கணுக்கால் புதையும் அம்மணலில் மெல்லிய டயர் உருளவே மறுத்தது. எனவே படை சாலையைக் கைவிட்டு, அருகே சென்ற இரயில் பாதைக்கு ஏறியது. தண்டவாளங்களுக்கு நடுவே கட்டைக்குக் கட்டை சக்கரம் இறங்கி ஏற, ஒவ்வொரு அதிர்வும் மணிக்கட்டு வழியாகத் தோளுக்கும், சீட்டு வழியாக முதுகெலும்புக்கும் சென்றது. ஏறத்தாழ 170 மைல் இவ்வாறு கழிந்தது. நிழலிலேயே வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 43 டிகிரி செல்சியஸ். நிழல் என்பதும் பேச்சளவில்தான். மரம் அரிதான நிலம் அது. தண்ணீர் கிடைத்த இடங்களிலும் அது காரத்தன்மை மிக்க உவர்நீராக இருந்தது. அதைக் குடித்தவர்களுக்கு வயிற்றுக்கடுப்பும் வாந்தியும் கண்டன. குடிக்காமல் 43 டிகிரி வெயிலில் மிதிக்கவும் இயலாது. படையில் பலர் நோயுற்றனர். மாஸே அலையன்ஸ் என்ற ஊரில் படுத்துவிட்டார். மருத்துவர் கென்னடி தலைமையேற்றுப் படையை நடத்திச் செல்ல, மாஸ் உடல்நலம் தேறியபின் இரயிலில் வந்து சேர்ந்துகொண்டார். தலைவன் படுத்தும் அணி நின்றுபோகாமல் சென்றது சாண்டர்ஸ் போன்ற அனுபவமிக்க வீரர்களின் திறமைக்குச் சான்று. பயணத்தின் பெருமையை ஒருவருக்கு மட்டும் சூட்ட வேண்டுமாயின், அது மாஸைவிட அந்த சார்ஜென்டுக்கே உரியது.

நெப்ராஸ்காவின் கிழக்குப் பகுதியில் தரை கெட்டிப்பட்டது, ஊர்கள் நெருங்கின. மேற்கத்திய ஊர்களில் வேடிக்கை பார்க்கக் கூடியவர்கள் பெரும்பாலும் வியப்போடும் பரிவோடும் நடந்துகொண்டிருந்தனர். மிசூரி மாநிலத்தில் நுழைந்தபின் அந்நிலை மாறியது. அடிமைமுறை நிலவிய மாநிலம் அது. உள்நாட்டுப் போர் முடிந்து முப்பத்திரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. தங்கள் நிலத்தில் கறுப்பின வீரர்கள் ஓரிரவு கூடாரமடிக்கவும் இடம் மறுத்த குடியானவர்கள் அங்கே இருந்தனர். மழை, மணல், உவர்நீர் ஆகியவை எந்தக் குழுவுக்கும் வரும் துன்பங்கள். இது அக்குழுவுக்கு மட்டும் வந்த துன்பம்.

ஜூலை 24ஆம் நாள் படை செயின்ட் லூயிஸ் நகருக்குள் நுழைந்தபோது உள்ளூர் மிதிவண்டியர் நூற்றுக்கணக்கில் எதிர்கொண்டு அழைத்துச் சென்றனர். ஃபாரஸ்ட் பார்க் என்ற பூங்காவில் முகாமிட்ட வீரர்களின் அணிவகுப்பையும் வித்தைகளையும் காண ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். 41 நாள்களில், ஓய்வுநாள்களைக் கழித்தால் 34 பயண நாள்களில், 1,900 மைல். நாளொன்றுக்குச் சராசரி ஏறத்தாழ 56 மைல். மிதித்த நேரத்தில் மணிக்கு 6.3 மைல். நடந்துசெல்லும் காலாட்படைக்கு ஆகும் காலத்தில் பாதியிலும் செலவில் மூன்றிலொரு பங்கிலும் இப்பயணம் முடிந்தது என்று மாஸ் தம் அறிக்கையில் வாதிட்டார்.

இக்கணக்கைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மணிக்கு 6.3 மைல், அதாவது 10 கிலோமீட்டர், என்பது நல்ல சாலையில் பள்ளி மாணவர் ஓட்டும் வேகத்தைவிடக் குறைவு. அவ்வீரர்களின் உடல்வலிமையைக் குறைத்து மதிப்பிட அது காரணமாகாது, அன்றைய சாலைகளின் நிலையை அளந்துகாட்டும் எண் அது. மேலும், உணவை முன்கூட்டியே இறக்கிவைக்க இரயிலும், மணலில் மிதிக்க இரயில் பாதையும், தலைவர் நோயுற்றபோது ஏறிச்செல்ல இரயில் பெட்டியும் இல்லாதிருந்தால் இப்பயணம் முடிந்திருக்குமா என்பது ஐயமே. இரயில் செல்லும் இடத்தில் படையை அனுப்ப இரயிலே போதும். இரயில் செல்லாத இடத்தில் மிதிவண்டி செல்லச் சாலை இல்லை. மாஸின் திட்டத்தை வீழ்த்தியது இந்த முரண்பாடுதான் என்று கொள்ள இடமுண்டு.

செயின்ட் லூயிஸிலிருந்து மினியாபொலிஸ் வழியாக மிதிவண்டியிலேயே திரும்ப மாஸ் கேட்ட இசைவு மறுக்கப்பட்டது. வீரர்கள் இரயிலில் ஊர் திரும்பினர், வண்டிகள் ஸ்பால்டிங் நிறுவனத்துக்கே திரும்பின. அடுத்த ஆண்டு சான் பிரான்சிஸ்கோவுக்குச் செல்லும் திட்டத்தையும் இராணுவம் ஏற்கவில்லை. 1898இல் ஸ்பெயினுடன் போர் மூண்டு, 25ஆம் காலாட்படை கியூபாவுக்கு அனுப்பப்பட்டு எல் கானே சண்டையில் கால்நடையாகவே போரிட்டது. மோட்டார் வண்டியின் வருகை மிச்சமிருந்த ஆர்வத்தையும் துடைத்தெடுத்தது.

மாஸின் கருத்து முற்றிலும் தவறானதன்று என்பதற்குச் சான்று அரை நூற்றாண்டு கழித்து, வேறொரு கண்டத்தில், தமிழர்களின் கண்முன்னே கிடைத்தது. 1941 டிசம்பர் 8இல் மலாயாவில் இறங்கிய ஜப்பானியப் படையினர் ஆயிரக்கணக்கில் மிதிவண்டியேறித் தீபகற்பம் முழுவதையும் கடந்து, எழுபதே நாள்களில் சிங்கப்பூரைச் சரணடையச் செய்தனர். தகர்க்கப்பட்ட பாலங்களில் வண்டியைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடந்தனர். டயர் வெடித்தபோது வெறும் ரிம்மிலேயே ஓட்டினர். நெப்ராஸ்கா மணலில் இது நடந்திருக்காது. இரப்பர்த் தோட்டங்களையும் துறைமுகங்களையும் இணைக்க ஆங்கிலேயர் அமைத்த நல்ல தார்ச்சாலைகள் மலாயாவில் இருந்தன. அவற்றுக்குச் சல்லி உடைத்துத் தார் ஊற்றிய பொதுப்பணித் துறைத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். மிதிவண்டிப் படையின் வெற்றிதோல்வி சாலை போட்டவன் கையில் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

மிசூலா வீரர்களின் பிற்கால வாழ்வு மகிழ்ச்சியான செய்தியன்று. 1906 ஆகஸ்டில் 25ஆம் காலாட்படையின் ஒரு பிரிவு டெக்சாஸின் பிரவுன்ஸ்வில் நகரில் நிறுத்தப்பட்டிருந்தபோது, ஓர் இரவு நகரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தார், ஒரு காவலர் காயமடைந்தார். பழி கறுப்பின வீரர்கள்மேல் விழுந்தது. எவரும் குற்றத்தை ஒப்புக்கொள்ளாததால், குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட் விசாரணை மன்றம் எதுவுமின்றி 167 பேரையும் மதிப்பிழந்தோராகப் பணிநீக்கம் செய்தார். 1897இல் செயின்ட் லூயிஸ்வரை படையை நடத்திச் சென்ற மிங்கோ சாண்டர்ஸ் அவர்களுள் ஒருவர். இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி, ஓய்வூதியத்துக்குச் சில ஆண்டுகளே இருந்த நிலையில் அவர் அனைத்தையும் இழந்தார். மீண்டும் சேர்த்துக்கொள்ளுமாறு விடுத்த வேண்டுகோளும் பயனளிக்காமல் 1929இல் இறந்தார். அமெரிக்க இராணுவம் 1972இல்தான் அம்முடிவை மாற்றி, அனைவரும் மதிப்புடன் விடைபெற்றோர் என்று அறிவித்தது. அதைக் கேட்க உயிரோடிருந்தவர்கள் மிகச் சிலரே. மாஸ் இராணுவக் கையேடுகள் எழுதிப் புகழ்பெற்று, 1941இல் நியூயார்க் நகரில் மோட்டார் வாகன விபத்தில் இறந்தார்.

இராணுவம் கைவிட்ட வழக்கத்தைப் பொதுமக்கள் மீட்டெடுத்த இடமும் மிசூலாவே. அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் தென்முனைவரை மிதிவண்டியில் செல்லப் புறப்பட்ட கிரெக், ஜூன் சிப்பிள் தம்பதியரும் டான், லிஸ் பர்டன் தம்பதியரும் 1973இல் மெக்சிகோவில் இருந்தபோது, அமெரிக்க விடுதலையின் இருநூறாம் ஆண்டான 1976இல் நாட்டைக் குறுக்காகக் கடக்கும் பெருங்கூட்டுப் பயணம் ஒன்றை நடத்தலாம் என்ற எண்ணம் பிறந்தது. ‘பைக்சென்டென்னியல்’ என்று பெயரிடப்பட்ட அம்முயற்சியின் அலுவலகம் பர்டன் தம்பதியரின் ஊரான மிசூலாவில் அமைந்தது. பசிபிக் கரையிலுள்ள ஆரிகன் மாநிலத்திலிருந்து அட்லாண்டிக் கரையிலுள்ள வர்ஜீனியாவரை 4,250 மைல் வழி வகுக்கப்பட்டது. பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு குழுக்களாகவும் தனியாகவும் ஏறத்தாழ 4,100 பேர் அக்கோடையில் அவ்வழியில் மிதித்தனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் முழுவழியையும் முடித்தனர்.

மாஸின் படையோடு ஒப்பிட்டால் அமைப்பாளர்கள் செய்த மாற்றங்கள் கருத்தில் கொள்ளத்தக்கவை. ஒவ்வொரு குழுவுக்கும் பயிற்சிபெற்ற ஒரு வழிநடத்துநர் இருந்தார், ஆனால் அணிவகுப்பு இல்லை: காலையில் அவரவர் வேகத்தில் புறப்பட்டு, வரைபடத்தில் குறித்த ஊரில் மாலையில் கூடினால் போதும். 1897இல் 23 பேரையும் ஒருவருக்காக ஒருவர் நிற்கவைத்த சிக்கல் இவ்வாறு பெருமளவு தீர்ந்தது; பகலின் தனிமையை விரும்பாதவர்களுக்கு இது புதிய குறையாகவும் ஆயிற்று. நிலம் மறுக்கும் குடியானவரை நம்பாமல், பள்ளிக்கூடம், தேவாலயம் முதலியவற்றில் தங்குமிடங்கள் முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்டன. எல்லாவற்றுக்கும் மேலாக, வழி முழுவதும் தார்ச்சாலை. இருந்தும் துன்பங்கள் ஒழிந்தனவல்ல, இடம்மாறின. கான்சாஸ் சமவெளியின் எதிர்க்காற்றில் தட்டையான தரையும் ஏற்றமாகிவிடும். கென்டக்கியில் வீட்டுக்கு வீடு நாய்கள் துரத்தும். கொலராடோவில் 11,500 அடிக்கு மேல் உயர்ந்த ஹூசியர் கணவாயே அவ்வழியின் உச்சி. ஆயினும் பலரைக் களைக்கவைப்பவை அம்மலைகள் அல்ல, மிசூரியின் ஓசார்க் குன்றுகளும் கிழக்கிலுள்ள அப்பலாச்சியக் குன்றுகளுமே. பெரிய கணவாயின் ஏற்றம் நீண்டது, ஆனால் சீரானது. குன்றுகளின் ஏற்றமோ குறுகியது, செங்குத்தானது, இறங்கி முடிக்குமுன் அடுத்தது தொடங்குவது.

பைக்சென்டென்னியல் அமைப்பு இன்றும் மிசூலாவிலேயே, வேறு பெயரில், மிதிவண்டி வழிகளுக்கு வரைபடம் வெளியிட்டு வருகிறது. 1897ஆம் ஆண்டின் வழியையும் பிற்காலத்தவர் மறக்கவில்லை. 1974இல் ஒரு குழு மிசூலாவிலிருந்து செயின்ட் லூயிஸ்வரை அதைப் பின்பற்றிச் சென்றது. எனினும் 25ஆம் காலாட்படையின் பயணம் பெரும்பாலும் இராணுவ வரலாற்றின் அடிக்குறிப்பாகவோ கறுப்பின வீரர்களின் துணிவுக்கு ஒரு சான்றாகவோ மட்டுமே எழுதப்படுகிறது. இரண்டும் சரியே, ஆனால் போதா. தூரம், நேரம், சாலையின் நிலை, பழுது, உணவு, நோய் ஆகியவற்றைப் பதிவுசெய்த மாஸின் அறிக்கையும் வழியிலிருந்து பூஸ் அனுப்பிய செய்திகளும், மிதிவண்டிக் கூட்டுப் பயணம் ஒன்றின் இன்னல்களை உள்ளிருந்து காட்டும் மிகப் பழைய, மிக விரிவான ஆவணங்களுள் அடங்கும். மிதிவண்டிச் சுற்றுலாவின் வரலாற்றை எழுதுவோர் 1976இலிருந்து தொடங்காமல் அங்கிருந்து தொடங்குவதே முறை.